மார்கழிக் குளிரில் ஆறேகால் மணி பேட்ச்: அல்சூர் பக்கத்து நீச்சல் குளத்தில் மூன்றரை மாதம்

பெங்களூருவில் அல்சூர் ஏரியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், மேற்கூரையும் நீரைச் சூடாக்கும் கருவியும் இல்லாத 25 மீட்டர் நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. அதன் பெண்களுக்கான காலை ஆறேகால் மணி பேட்சில் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை, ஊருக்குப் போயிருந்த பொங்கல் வாரம் நீங்கலாக, வாரத்துக்கு நான்கு நாள் நீந்தினேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் குளத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. குளிர் நீரில் நீந்துவதால் உடலுக்கும் மனத்துக்கும் உண்மையிலேயே நன்மை உண்டா என்று தோழிகள் பலர் கேட்டுவிட்டார்கள். ஆகவே அந்த ஒரு நோக்கில் மட்டும் இந்தக் குளத்தை மதிப்பிடுகிறேன். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர இது ஏற்ற இடமா என்பதை வேறு யாராவது எழுதட்டும்.

எனக்கு வயது 49. மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொல்லைகள் இரண்டு ஆண்டுகளாக என்னைப் படுத்திக்கொண்டிருந்தன. நள்ளிரவில் உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்துக் கொட்டும். அதன்பின் விடியும்வரை உறக்கம் வராது. அலுவலகத்தில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். வீட்டில் சிறு சொல்லுக்கும் எரிந்து விழுவேன். மருத்துவர் தந்த சிகிச்சை அப்போதும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. நீச்சலை அதற்குத் துணையாகத்தான் சேர்த்துக்கொண்டேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஒரு கருத்தாய்வைப் படித்ததுதான் தொடக்கம். குளிர் நீரில் நீந்தும் பழக்கமுள்ள 1,114 பெண்களிடம் அவர்கள் கேட்டதில், மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் இருந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் தங்கள் பதற்றம் குறைந்ததாகவும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மனநிலை ஊசலாட்டமும் உடல் கொதிப்பும் தணிந்ததாகவும் சொல்லியிருந்தார்கள். கேட்கப்பட்டவர்கள் எல்லாருமே ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்தவர்கள் என்பதையும், ஒத்துவராமல் விட்டுப் போனவர்களின் குரல் அதில் இல்லை என்பதையும் கவனித்தேன். ஆனாலும் என்னைப் போன்ற நிலையில் இருந்த அத்தனை பெண்கள் ஒரே பக்கம் கை காட்டியது, முயன்று பார்க்கப் போதுமான காரணமாக இருந்தது.

பெங்களூருவில் குளிர் நீரா என்று ஊட்டிக்காரர்கள் வியக்கலாம். இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சாதாரணமாக 15, 16 டிகிரிக்கு இறங்கும். இங்கே பதிவான மிகக் குறைந்த அளவு 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. திறந்தவெளிக் குளம் இரவெல்லாம் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். சூரியனோ ஜனவரியில் ஆறே முக்கால் மணிக்குத்தான் எழுகிறது. ஆகையால் ஆறேகால் மணிக்கு இறங்குகிறவர்களுக்குக் கிடைப்பது அந்த நாளின் ஆகக் குளிர்ந்த நீர். நான் வாங்கிப்போன மிதக்கும் வெப்பமானி நவம்பர் நடுவில் 24 டிகிரியும், மார்கழி பிறந்தபோது 21 டிகிரியும், ஜனவரியில் ஒரு காலை மிகக் குறைவாக 19.5 டிகிரியும் காட்டியது. போட்டிக் குளங்களுக்கு விதிக்கப்பட்டிருப்பது 25 முதல் 28 டிகிரி என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

அதே சமயம் இதைப் பெருங்குளிர் என்று சொல்லவும் கூடாது. 1994-இல் சிறுவனாக இருந்தபோதே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த நம் குற்றாலீஸ்வரன் நீந்திய கடல், கோடையிலேயே 15 முதல் 18 டிகிரி வரைதான் இருக்கும். இந்திய நீச்சல் வீராங்கனை பக்தி சர்மா 2015-இல் அண்டார்க்டிக் கடலில் நீந்தியபோது நீர் 1 டிகிரி. பன்னாட்டுப் பனி நீச்சல் சங்கத்தின் கணக்கில், 5 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால்தான் அது பனி நீச்சல். அவற்றுக்கு முன் எங்கள் குளம் மிகச் சாதுவானது. ஆனால் உடம்பு அந்தப் பட்டியலைப் பார்த்து நடந்துகொள்வதில்லை. திடீர்க் குளிருக்கு அது காட்டும் அதிர்ச்சி, நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே மெல்லத் தொடங்கிவிடுகிறது என்றும், 10 முதல் 15 டிகிரியில் உச்சம் அடைகிறது என்றும் உடலியங்கியல் அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 20 டிகிரிக் காற்றில் மெல்லிய சேலையோடு உலவுகிற நமக்கு 20 டிகிரி நீர் முதுகைத் தொட்டதும் மூச்சடைப்பது அதனால்தான்.

அந்த மூச்சடைப்பைக் கையாள இந்தக் குளத்தில் ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மதிப்புரையின் மையம் அதுதான்.

காலை பேட்சின் லைஃப்கார்டு கோலார் தங்கவயல்காரர். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுகிறவர். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு தாமிரபரணியில் நீச்சல் படித்தவள் என்ற துணிவில், முதல் நாளே கரையோரம் நின்று பாய ஆயத்தமானேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "அக்கா, பாயாதீங்க. படியில உக்காந்து இறங்குங்க. நீந்த அவசரம் வேணாம், மொதல்ல மூச்சு உங்க கைக்கு வரட்டும்" என்றார். படிக்கட்டில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, பிறகு தோள்வரை இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, அவர் எதிரில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும்வரை அப்படியே இருக்க வேண்டும். புதியவர்களுக்கு மூன்று நிமிடம், பழகியவர்களுக்கு இரண்டு. முகத்தை நனைப்பதும் நீந்துவதும் அதன் பிறகுதான். நகரின் வேறு குளங்களிலும் நீந்தியிருக்கிறேன். இந்த ஒழுங்கை வேறெங்கும் கண்டதில்லை.

இந்த வழக்கத்தை அவர் எங்கே கற்றார் என்று கேட்டதற்கு, இளம் வயதில் ஆழமான கல் கிணறுகளில் குதித்துப் பழகியதில் வந்தது என்றார். ஆனால் அது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் அறிஞர் மைக் டிப்டனும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னதோடு அப்படியே பொருந்துகிறது. குளிர் நீர் தோலில் பட்டதும் கட்டுப்பாடின்றி ஒரு பெருமூச்சு உள்ளே பாய்கிறது. அதைத் தொடர்ந்து மூச்சு இரைக்கிறது, இதயம் விரைகிறது, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. இந்த வேகம் முதல் அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த முதல் பெருமூச்சின்போது முகம் நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குள் போகும். குளிர் நீரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். இன்னொரு ஆபத்தை 2012-இல் ஷாட்டாக் என்பவரோடு சேர்ந்து டிப்டன் விளக்கினார்: தோலில் படும் குளிர் இதயத்தை விரட்ட, மூச்சை அடக்கி முகத்தை நீரில் அமிழ்த்துவது அதே நேரத்தில் இதயத்தை மெதுவாக்க, இரண்டு கட்டளைகளும் மோதிக்கொள்வதால் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். எங்கள் லைஃப்கார்டு பாய்வதைத் தடுப்பதும், முகத்தைக் கடைசியில் நனைக்கச் சொல்வதும் எவ்வளவு சரி என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஐந்தாறு முறை இப்படிச் சில நிமிடங்கள் இறங்கினாலே அந்த அதிர்ச்சி பாதியளவுக்குக் குறைந்துவிடும் என்பதும், அந்தப் பழக்கத்தை உடம்பு மாதக்கணக்கில் மறப்பதில்லை என்பதும் அதே ஆய்வுகளின் முடிவு. எனக்கும் இரண்டாவது வாரத்திலேயே அந்த மாற்றம் தெரிந்தது.

குளிர் நீரிலிருந்து நான் பெற்ற நன்மை பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடங்களிலிருந்து வந்தது என்றே நம்புகிறேன். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு திணறுகிறது, ஓடிவிடு என்று உடம்பு முழுதும் சொல்கிறது. அத்தனைக்கும் நடுவில் மூச்சை மட்டும் நீளமாக விட்டுக்கொண்டு இருந்தால் எல்லாம் தானாக அடங்குகிறது. இதை வாரத்துக்கு நான்கு முறை உடம்பாலேயே பயின்றவளுக்கு, மாலை நாலு மணிக்கு அலுவலகத்தில் வரும் படபடப்பு முன்னைப் போல் அந்நியமாக இல்லை. படபடப்பு வராமல் போகவில்லை. வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கிறது. ஜனவரி நடுவில் என் மகள், "அம்மா, நீங்க இப்பல்லாம் கத்தறதே இல்ல" என்று சொன்னபோது, அதை அவள் கவனித்திருக்கிறாளே என்று கண் கலங்கியது. இரவுக் கொதிப்பு முற்றிலும் நிற்கவில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள் என்று இருந்தது இரண்டு மூன்று நாளாகக் குறைந்தது. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, நீரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஆய்வுகளை அவற்றின் அளவுக்கு மட்டுமே நம்ப வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் இருந்தவர்களுக்கு இரத்தத்தில், விழிப்பையும் ஊக்கத்தையும் தூண்டும் சுரப்புகளான நோரட்ரினலின் 530 விழுக்காடும் டோபமின் 250 விழுக்காடும் ஏறின என்ற 2000-ஆம் ஆண்டு ஆய்வை, குளிர் நீர் நிலையங்கள் எல்லாம் சுவரில் எழுதி வைக்கின்றன. அந்த எண்களை 20 டிகிரி நீரில் இருபது நிமிடம் நீந்துகிறவருக்கோ, பனித் தொட்டியில் மூன்று நிமிடம் உட்காருகிறவருக்கோ அப்படியே பொருத்த எந்த நியாயமும் இல்லை. 2018-இல் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்த 24 வயதுப் பெண் ஒருவர், மருத்துவர்களின் கண்காணிப்பில் வாரந்தோறும் குளிர்ந்த திறந்த நீரில் நீந்தி மருந்தை விட்டதாக வந்த மருத்துவக் குறிப்பு நம்பிக்கை தருவதுதான். ஆனால் அது ஒரே ஒருவரின் கதை. தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் 11 ஆய்வுகளைத் தொகுத்து 2025 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீடு எனக்கு மிகவும் நேர்மையாகப் பட்டது. குளிர் நீரில் இறங்கிய பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மன அழுத்தம் குறைந்திருந்தது என்றும், உடனடியாகவோ மறுநாளோ அப்படித் தெளிவான குறைவு தென்படவில்லை என்றும் அது சொல்கிறது. காலை நீந்திய பலனை மாலையில்தான் உணர்கிறேன் என்று நான் முன்பே என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

"மார்கழிப் பனியில தலைய நனைக்காதடி, சளி பிடிச்சிக்கும்" என்று அம்மா தொலைபேசியில் நாள் தவறாமல் சொன்னார். நெதர்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையில், குளியலின் முடிவில் அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை குளிர் நீரில் நின்றவர்கள் நோய் விடுப்பு எடுத்தது 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் நோயுற்ற நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதாவது சளி வரத்தான் செய்தது, படுத்துவிடவில்லை. எனக்கும் டிசம்பரில் ஒரு முறை சளி பிடித்தது. ஐந்து நாள் குளத்துக்குப் போகவில்லை.

இடையில் ஒரு நாள், நகரின் கிழக்கே புதிதாகத் திறந்திருக்கும் பனித் தொட்டி நிலையம் ஒன்றுக்கும் போய்வந்தேன். மூன்று நிமிடத்துக்கு 1,500 ரூபாய். நீர் 6 டிகிரி. இடம் துப்புரவாக இருந்தது, துண்டுகள் வெதுவெதுப்பாகத் தந்தார்கள், வெளியே வந்ததும் ஒரு மணி நேரம் உடலெல்லாம் மின்சாரம் ஓடியதுபோல் இருந்தது. ஆனால் இறங்கும் முன் என் இரத்த அழுத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தொட்டிக்குள் நான் மூச்சுக்குத் திண்டாடியபோது அங்கே பணியிலிருந்த இளைஞர் பாட்டின் ஒலியைக் கூட்டிவிட்டு "இன்னும் ஒரு நிமிடம்தான்" என்று ஊக்கப்படுத்தினார். குளிரைப் பொறுத்துக்கொள்வதை ஒரு வீரமாக அங்கே விற்கிறார்கள். எங்கள் குளத்தில் நடுக்கம் தொடங்கினால் லைஃப்கார்டு சைகை காட்டி மேலே ஏற்றிவிடுவார். அதை யாரும் தோல்வியாக நினைப்பதில்லை. தொட்டியில் அசையாமல் இருப்பதற்கும், கையும் காலும் ஒரே தாளத்தில் இயங்க நீந்துவதற்கும் உள்ள வேறுபாடும் பெரிது. முதல் மாதம் 200 மீட்டரோடு நிறுத்திக்கொண்ட நான், பிப்ரவரியில் 600 மீட்டர் நீந்தினேன். அந்த உடற்பயிற்சியின் பலனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனிக் குறைகள். இங்கே விண்ணப்பத் தாளில் இரத்த வகையையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் கேட்கிறார்கள்; இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு ஆகியவற்றைக் கேட்பதில்லை. லைஃப்கார்டு தாமாகவே வாய்மொழியாகக் கேட்டுக்கொள்கிறார். அவர் விடுப்பில் இருந்த ஆறு நாட்களில் வந்த மாற்று ஆள் யாரையும் எதையும் கேட்கவில்லை. இரண்டு கல்லூரி மாணவிகள் ஆழமான பக்கத்தில் பாய்ந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குளத்தின் பாதுகாப்பு ஒரே ஒரு நல்ல மனிதரின் வருகைப் பதிவேட்டைச் சார்ந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. நீரின் வெப்பநிலையை எழுதி வைக்கும் பலகையும் இல்லை. என் வெப்பமானியை டிசம்பரில் அவரிடமே கொடுத்துவிட்டேன். அதை ஏணியில் கயிற்றால் கட்டி, தினமும் சுவரில் சாக்கட்டியால் அளவை எழுதிவைக்கிறார்.

உடை மாற்றும் அறைதான் எல்லாவற்றிலும் மோசம். குளிர் நீச்சலில் கரையேறிய பிறகுள்ள பத்து நிமிடங்கள், இறங்கும்போதுள்ள இரண்டு நிமிடங்களுக்கு அடுத்தபடியாக முக்கியமானவை. நீரை விட்டு வெளியே வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். கை கால்களில் குளிர்ந்து கிடந்த இரத்தமும் தசைகளும் உள்ளிருக்கும் சூட்டை வாங்கிக்கொள்வதால், நீருக்குள் வராத நடுக்கம் வெளியே வந்துதான் பிடிக்கும். அந்த நேரத்தில் காற்றுப் புகாத, காய்ந்த தரையுள்ள அறை வேண்டும். இங்கே பன்னிரண்டு பேருக்கு நான்கு கொக்கிகள், கண்ணாடி உடைந்த சன்னல், எப்போதும் ஈரமாக இருக்கும் வழவழப்பான டைல்ஸ். கீசர் டிசம்பர் இரண்டாம் வாரம் பழுதானது, பிப்ரவரி முடியும்வரை சரியாகவில்லை. கரையேறியவுடன் கொதிக்கும் நீரில் நிற்பது நல்லதல்ல என்பதும் உண்மைதான். தோலின் குழாய்கள் சட்டென விரிந்து அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ நேரலாம். ஆனாலும் குளோரின் வாடை போகக் குளிக்க வெதுவெதுப்பான நீராவது தர வேண்டியது சந்தா வாங்குகிறவர்களின் கடமை. திங்கட்கிழமைகளில் குளோரின் சற்றுத் தூக்கலாக இருக்கும்; நீச்சல் கண்ணாடி அணியாமல் இறங்க வேண்டாம்.

அந்த அறையின் குறையை நாங்கள் எங்களுக்குள் ஈடுசெய்துகொண்டோம். ஈர உடையை முதலில் கழற்றி, தலையைத் துவட்டிக் குல்லா போட்டு, ஸ்வெட்டரும் காலுறையும் மாட்டிக்கொண்ட பிறகே பேச்சு. மர்ஃபி டவுனிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பெரிய ஃபிளாஸ்க்கில் சுக்குமல்லிக் காபி கொண்டுவருவார். இரு கைகளாலும் டம்ளரைப் பற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்த கால் மணி நேரத்தில், மாதவிடாய் நிற்பதைப் பற்றி என் சொந்த அக்காவிடம்கூடப் பேசாததை எல்லாம் பேசியிருக்கிறேன். அவரும் அதே வழியில் பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்தவர். மனம் லேசானதில் அந்தக் கால் மணி நேரத்துக்கும் பங்கு உண்டு.

இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும், குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகிறவர்களும், கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மார்கழியில் இந்தக் குளத்தில் இறங்கக் கூடாது. நீச்சல் தெரியாதவர்கள் மார்ச் மாதத்தில் கற்கத் தொடங்குங்கள். குளிரையும் நீச்சலையும் ஒன்றாகப் பழகுவது முறையல்ல. யாராக இருந்தாலும் முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மாதச் சந்தா 2,400 ரூபாய், பதிவுக் கட்டணம் 500. ஆறு மணிக்குக் கதவு திறக்கும். முதல் இரண்டு நிமிடங்களுக்கு லைஃப்கார்டின் கவனம் கிடைக்க வேண்டுமானால் ஆறு பத்துக்குள் உடை மாற்றித் தயாராக இருங்கள். பிப்ரவரி கடைசி வாரம் நீர் 25 டிகிரியைத் தொட்டுவிட்டது, பேட்சும் நிரம்பிவிட்டது. ஆகவே கோடைக்கு நான் சேரவில்லை. விண்ணப்பத் தாளில் சேர்க்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி, கீசருக்கும் சன்னலுக்குமான கோரிக்கையோடு பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டுக் குளத்தின் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். நவம்பருக்குள் செய்துதருவதாகச் சொன்னார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கான சந்தாவை முன்பணமாகக் கட்டி, ரசீதும் வாங்கிக்கொண்டேன்.